சத்தம் போடாதவங்க வண்டி

இல்ல சிஸ்டர், அந்த மஞ்சக் கோட்டைத் தாண்டாதீங்க. தாண்டினா மேல கேமரா இருக்கு, திட்டு எனக்குத்தான் விழும். இப்படி வாங்க, ஷெட் நிழல்ல பெஞ்சு இருக்கு. உக்காருங்க. பையைக் கீழ வைக்காதீங்க, தரையெல்லாம் எண்ணெய். என்கிட்ட குடுங்க வேணா... சரி, மடியிலயே வச்சுக்கங்க. உள்ள என்ன, மருந்தா? கட்டுத்துணியும் இருக்கா. அப்போ இங்கேருந்து நேரா வேலைக்குத்தான் போறீங்க.

சிஸ்டர்னு கூப்பிட்டது தப்பில்லையே? புக்கிங் ஃபாரத்துல தொழில்னு கேட்ட இடத்துல, வீடு வீடாப் போய்ப் பாக்குற நர்ஸ்னு எழுதியிருந்தீங்க. அதான்.

ரிசப்ஷன்ல ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டாங்களாமே. அந்தப் பொண்ணு சொல்லுச்சு. எழுந்து வரும்போது அதுக்கு நீங்க நன்றி வேற சொன்னீங்களாம். எதுக்கு சொன்னீங்க? இல்ல, சும்மா கேட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அது கையில குடுத்த பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தான் சொல்லும். சாமான் கப்பல்ல வருது, இன்னும் ரெண்டு வாரம். போன மாசமும் அதே கப்பல், அதே ரெண்டு வாரம். அது எந்தக் கடல்ல நிக்குதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நானா? இந்த யார்டைப் பாத்துக்கறவன். ஏழு வருஷமாச்சு. இதோ கண்ணுக்கு எட்டுற வரைக்கும் நிக்குதே, அத்தனையும் என் பொறுப்பு. நானூத்திப் பன்னெண்டு வண்டி. வரும்போது கேட்டுல போர்டு பாத்திருப்பீங்க, இன்றைய உற்பத்தி நூத்திப் பதினெட்டுன்னு எரியும். அது பொய்யில்ல. லைன்லேருந்து இறங்குற வண்டியை எண்ணி எரியுது. ரோட்டுக்குப் போற வண்டியை எண்ணத்தான் போர்டு கிடையாது. ஒரு சாமான் வரலன்னா லைனை நிறுத்த மாட்டாங்க, அது இல்லாமலே கட்டி முடிச்சு இங்க தள்ளிவிட்ருவாங்க. தள்ளுறதுன்னா நிஜமாவே தள்ளுறதுதான், நாலு ஆளு சேர்ந்து.

கண்ணாடியில சீட்டு ஒட்டியிருக்கே, அதுவா. சிவப்புச் சீட்டுன்னா சார்ஜ் பெட்டி இல்லாத வண்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. அது இல்லன்னா அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் வண்டி வெறும் தகர டப்பா. மஞ்சச் சீட்டு, ஜன்னல் கண்ணாடி மோட்டார் இல்லாதது. எல்லாம் சரியா இருந்தா பச்சை. பச்சையைத் தேடாதீங்க சிஸ்டர், இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல.

ஒரே இடத்துல நின்னா டயர் அமுங்கிடும்னு பத்து நாளைக்கு ஒரு தடவை எல்லா வண்டியையும் அரைச் சுத்து முன்னாடி தள்ளுவோம். அடுத்த பத்து நாள் கழிச்சு அரைச் சுத்து பின்னாடி. உங்க வண்டி இதுவரைக்கும் எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துருக்கு. சிரிக்கறீங்க. நல்லது. இங்க வர்றவங்க யாரும் சிரிக்கறதில்ல.

உங்க வண்டியா. காட்டறேன். அதோ மூணாவது வரிசை, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துல வெள்ளையா நிக்குது பாருங்க. ஆமா, சிவப்புச் சீட்டு மட்டும்தான். ஆமா, அழகாத்தான் இருக்கு.

பழைய வண்டி என்னாச்சு? குடுத்துட்டீங்களா. எப்போ? அடுத்த வாரம் டெலிவரின்னு போன் வந்த அன்னைக்கேவா? அதை நம்பி. சரி, நம்பாம வேற என்ன பண்ணுவீங்க, கம்பெனிலேருந்து பேசறாங்க, பேர் சொல்லிப் பேசறாங்க. நாலு மாசமா பஸ்தானா அப்போ. ரெண்டு பஸ் மாறி. ஒன்பது வீடு பாத்தது இப்போ அஞ்சுதான் முடியுது. மிச்சம் நாலு வீட்டுக்கு யாரு போறாங்க?

வேற யாரும் போகலையா. முடிஞ்சப்போ நீங்களே நடந்துதானா.

எந்த அம்மா? பஸ் போகாத அந்த மேட்டு ரோட்டுலயா இருக்காங்க. சர்க்கரைப் புண்ணு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்த வேண்டியதை நீங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் நடந்து போய் மாத்தியிருக்கீங்க. அப்புறம்? காலையே எடுத்துட்டாங்களா? முட்டிக்குக் கீழயா. எப்போ? போன செவ்வாய்க்கிழமையா.

ஒண்ணுமில்ல சிஸ்டர். தண்ணி குடிக்கறேன், இருங்க.

அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தீங்களா? உள்ள சொன்னீங்களா? சொல்லல. ஏன்? அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம விட்டுட்டீங்க. அது வேறயா.

நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இந்த சார்ஜ் பெட்டி வாரத்துக்குப் பதினஞ்சோ இருபதோதான் வரும். காத்திருக்கறது நானூறு வண்டி. யாருக்கு முதல்ல மாட்டறது? யாரு முதல்ல புக் பண்ணாங்களோ அவங்களுக்குன்னுதான் நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இங்க அப்படி இல்ல. போன் பண்ணிச் சத்தம் போட்டா பேருக்கு நேரா ஒரு புள்ளி விழும். ஒவ்வொரு திங்கக்கிழமையும் அந்த லிஸ்ட் எனக்கு வரும். புள்ளி அதிகமா இருக்கறவங்களுக்குத்தான் முதல் பெட்டி. ஒருத்தர் இருந்தாரு, காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி எங்களுக்குத்தான் போன். நாப்பத்தொரு புள்ளி. அவர் வண்டி மூணாவது வாரமே போயிடுச்சு. இன்னொருத்தர் கேட்டுக்கு வெளிய பாயை விரிச்சுப் படுத்துட்டாரு. ரெண்டே நாள்தான், அவருக்கு மாலை போடாத குறையா வண்டியைக் கையில குடுத்து அனுப்பினாங்க.

உங்க பேருக்கு நேராவா? ஒரு புள்ளியும் இல்ல. குறிப்புன்னு ஒரு இடம் இருக்கும், அதுல, நல்லவங்க, அவசரமில்லன்னு எழுதியிருக்கு. நீங்க அப்படிச் சொல்லலதான். வந்தா சொல்லுங்க, பரவாயில்லன்னு சொன்னீங்க. அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இருங்க, எழுந்திருக்காதீங்க. இன்னும் முடிக்கல. பெட்டி மட்டும்தான் தட்டுப்பாடுன்னா தேவலையே. ஒரு வாரம் சீட்டு மோட்டார் வராது, ஒரு வாரம் முன்விளக்கு வராது. பெட்டி வந்த வண்டிக்கு விளக்கு இருக்காது. சத்தம் போடறவர் வாசல்ல நிக்கறாரு. என்ன பண்றது? நிக்கற வண்டியில ஒண்ணைப் புடிச்சு அதுலேருந்து கழட்டி இதுல மாட்டுவோம். ஒவ்வொரு வண்டியிலயும் ஒண்ணொண்ணு கழட்டினா கணக்கு வழக்கு நாறிடும். அதனால ஒரே வண்டியிலதான் எல்லாத்தையும் கழட்டணும்னு உத்தரவு. எங்க பசங்க அதுக்கு வள்ளல்னு பேர் வச்சிருக்காங்க. கேட்டதெல்லாம் குடுக்குதில்ல.

இல்ல, வள்ளலுக்கும் சொந்தக்காரங்க உண்டு. புக் பண்ணி, பாதிப் பணம் கட்டி, கலர்கூட அவங்க சொன்ன கலர்தான். அவங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கும் அதே கப்பல் கதைதான் போன்ல போகும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க.

அந்தக் கம்பத்துப் பக்கத்துல நிக்கற வண்டி உங்களது இல்ல சிஸ்டர். மேனேஜர்தான் தூரத்துலேருந்து ஒரு வெள்ளை வண்டியைக் காட்டி அனுப்புன்னாரு. உங்களது இந்த ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கு, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. பாக்க வேணாமே. பாத்து என்ன ஆகப் போவுது. சரி, வாங்க. மெதுவா, அங்க கம்பி கிடக்கு.

தொடாதீங்க, கதவு இருந்த இடத்துல ஓரம் கூரா இருக்கு, கையைக் கிழிச்சிடும். முன்சீட்டு ரெண்டும் பாய் விரிச்சவருக்குப் போச்சு. விளக்கு நாப்பத்தொரு புள்ளிக்காரருக்கு. ஸ்டியரிங் ஒரு காலேஜ் வாத்தியாருக்கு, அவரு பொண்டாட்டி மேனேஜருக்கே மெயில் போட்டாங்க. சார்ஜ் பெட்டி உங்க வண்டிக்கு நீங்க புக் பண்ண ரெண்டாவது வாரமே வந்துடுச்சு, அந்த வாரப் புள்ளி லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி, புக் பண்ண வரிசையில. ஆமா, மாட்டியாச்சு, பச்சைச் சீட்டே ஒட்டியாச்சு. உங்களுக்கு அடுத்த வாரம்னு போன் பண்ணது அதை வச்சுத்தான். அந்தப் பொண்ணு அன்னைக்குப் பொய் சொல்லல. மறுநாள் லிஸ்ட் வந்துச்சு, கழட்டிட்டோம்.

நான்தான் கழட்டினேன். என் கையால.

உக்காருங்க. அந்தக் கல்லு மேல உக்காருங்க, பரவாயில்ல. தண்ணி குடிங்க. திட்டணும்னா திட்டுங்க, இங்க கேமரா கிடையாது. திட்ட மாட்டீங்க, தெரியும்.

ஏன் சொல்றேனா? உங்க வண்டியைத் திரும்பப் பூட்டலாம் சிஸ்டர். ராத்திரிக்குள்ள முடியும். நாலு மணிக்கு நான் அடுத்த வள்ளல் யாருன்னு எழுதிக் குடுக்கணும், இதுல இனிமே கழட்ட ஒண்ணுமில்லன்னு மேனேஜரே சொல்லிட்டாரு. நான் என்ன நம்பர் எழுதினாலும் யாரும் ஏன்னு கேக்கறதில்ல. புது வள்ளலா ஒரு மஞ்சச் சீட்டு வண்டியைப் போட்டு, சார்ஜ் பெட்டியோட மொத்தமாக் கழட்டி முதல்ல உங்களுதுல மாட்டிடுவேன். பசங்க ரெண்டு பேரை நிறுத்தி வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில நீங்க ஓட்டிட்டுப் போகலாம், ஒன்பது வீட்டுக்கும் போகலாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

இல்ல, சாமான் வேற எங்கயும் இல்ல. சத்தியமா இல்ல. இன்னொருத்தர் வண்டியிலேருந்துதான் எடுக்கணும்.

யாரோடதா? அதை மட்டும் கேக்காதீங்க. லிஸ்ட்ல ஒரு ஆளு. போன் பண்ணாத ஆளு. எதுக்கு வண்டி வாங்கறாரு, அவரை நம்பி யாரு இருக்காங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. பேர் சொன்னா உங்களால சரின்னு சொல்ல முடியாது.

நானா? உங்க பேர் தெரியாமலா கழட்டினேன்னு கேக்கறீங்களா?

தெரிஞ்சுதான் கழட்டினேன். புள்ளியே இல்லாதவங்க அன்னைக்கு நாலு பேர் இருந்தீங்க. மத்த மூணு பேர் எப்படிப்பட்டவங்கன்னு தெரியாது, விஷயம் தெரிஞ்சு மேனேஜர் சட்டையைப் புடிச்சாலும் புடிப்பாங்க, என் வேலை போயிடும். உங்களை எனக்குத் தெரியும். போன வருஷம் மூணு மாசம் எங்க வீட்டுக்கு வந்து எங்கப்பாவுக்குக் கால்ல கட்டு மாத்தினீங்க. நான் எப்பவும் பகல் ஷிப்டு, அதான் நீங்க என்னைப் பாத்ததில்ல. வலி தாங்காம அப்பா உங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாராம். ஒரு நாள்கூட நீங்க முகம் சுளிச்சதில்ல, ஒரு நாள்கூட வராம இருந்ததில்லன்னு என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி மாஞ்சு போவா. அது ஞாபகம் வந்துச்சு. இவங்க சத்தம் போட மாட்டாங்கன்னு உங்க நம்பரை எழுதிட்டேன்.

புண்ணு சுத்தமா ஆறிடுச்சு சிஸ்டர். அப்பா இப்போ கடைக்கெல்லாம் தனியாவே நடந்து போய்ட்டு வர்றாரு.