தட்டில் அணைத்த சிகரெட்

எழுபத்தைந்தில் ஒரு மாலை, ஸ்பிரிங்வேல் போகும் ரயிலில், எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணத்தார். இளையவர் தின்று மிஞ்சிய சிப்ஸில் சிகரெட்டை அணைக்கப் போனார். மூத்தவர் அவர் கையைப் பிடித்தார்.

"சாப்பாட்டிலை அணைக்காதை, தம்பி."

"எறியிற சாப்பாடுதானே, அண்ணை?"

"கொரியாவிலை, சண்டை முடிஞ்ச கையோடை, அமெரிக்கன் ஆமி காம்பிலை வயரிங் வேலை செய்யேக்கை நானும் அப்பிடித்தான் நினைச்சனான். கன்ரீனிலை இறைச்சி, ஐஸ்கிரீம், எல்லாம் வேண்டிய மட்டும் எடுக்கலாம். மிச்சத்திலை சிகரெட்டைக் குத்திப்போட்டு எழும்புவன். ஒருநாள் பாத்தா, கேற்றடியிலை எங்கடை மிச்சத்தைக் கஞ்சியாக் காய்ச்சி விக்கிறாங்கள். என்னோடை வேலை செய்த கொரியன் இருந்து குடிக்கிறான். கஞ்சியோடை வாய்க்குள்ளை போன ஒரு சிகரெட் கட்டையை வெளியிலை எடுத்தான். என்னைக் கண்டதும் அதைக் கைக்குள்ளை மறைச்சுப்போட்டு, எழும்பித் தான் இருந்த கதிரையை எனக்குத் தந்தான்."

"இருந்தீங்களோ?"

"பசிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."