தப்பாத பாஸ்

உங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவது சிரமம். விபத்தை விசாரிக்க நீங்கள் கூப்பிடாமல் நானாகத்தான் வந்திருக்கிறேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வருடமாகக் கூடைப்பந்துதான் என் பிழைப்பு. நான் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, கூடையில் போடுகிறவன் கைக்கு அதைப் பாஸ் செய்பவன். கைதட்டல் அவனுக்குப் போகும். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இருந்ததில்லை. வேறு வேலை எதுவும் தெரியாது என்பதுதான் பயம்.

வாலு என் மனைவியின் தம்பி. அவனும் எங்கள் அணியில் கார்டுதான். "அடுத்த சீசனுக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். நாளைக்குச் சொல்றேன்" என்றார் கோச். வாலு என்னைத் தனியே இழுத்து, "நீங்க இருங்க மாமா. நான் வேற டீம் பார்த்துக்கறேன்" என்றான். என்மேல் இரக்கப்படுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தரையில் வியர்வை சிந்திக் கிடந்தால், முதலில் பார்க்கிறவன் கையைத் தூக்க வேண்டும். ஆட்டம் நிற்கும், ஒருவர் வந்து துடைப்பார். பெரும்பாலும் தூக்குவது நான்தான். தளம் முழுக்க என் பார்வையில்தானே இருக்கும்.

அன்று பயிற்சி ஆட்டத்தில் எங்கள் அணி ஆள் பீமன் கூடைக்கு இடப்பக்கம் விழுந்து எழுந்தான். ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். பார்த்தேன். கையைத் தூக்கவில்லை. வாலு வலப்பக்கமிருந்து ஓடி வந்தான். நேராகக் கொடுத்திருந்தால் காய்ந்த தரையில் இறங்கியிருப்பான். ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் உயரமாகக் கொடுத்தேன். எட்டிப் பிடித்துக் கூடையிலும் போட்டான். பிறகு அந்த ஈரத்தில் இறங்கினான்.

வாலுவுக்கு இனி ஊன்றுகோல்தான் என்கிறார் டாக்டர். என் மனைவி அழுதுகொண்டே தினமும் அவனுக்குச் சாப்பாடு கட்டி என்னிடம் கொடுத்தனுப்புகிறாள். "உங்க பாஸ்ல ஒண்ணுமில்ல மாமா, எனக்குத்தான் இறங்கத் தெரியல" என்று நேற்று சொன்னான். போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் கோச் உங்களுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்? எனக்கு வயதாகிவிட்டதாம், குறி தவறிவிட்டதாம். பாவம் பார்த்து எழுதியிருக்கிறார். அதையே காரணமாக்கி என் பெயரையும் அணிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த வரியை அடித்துவிடுங்கள் ஐயா. ஒரு விரற்கடைகூடத் தவறவில்லை. சந்தேகமாக இருந்தால் தரையை நனைத்துவிட்டு வேறு யாரையாவது ஓடச் சொல்லுங்கள். அதே இடத்தில் இறக்கிக் காட்டுகிறேன்.