நான்கு மணி வகுப்பு

எனக்குச் சண்டை போடத் தெரியாது. காய்கறிக் கடையில்கூட சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் இரட்டைப் பெண்களுக்கு ஏழு வயது. தெருக்கோடியில் இருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிச் சேர்த்திருந்தேன். இரண்டாவது மாதமே ஷட்டரில் பூட்டு தொங்கியது. பதினொரு குழந்தைகளின் பெற்றோரும் கூடிப் பேசி, பணத்தைத் திரும்ப வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பொறுமைசாலி என்று எனக்குப் பெயர்.

மாஸ்டர் தங்கமான மனிதர். "வாடகை கட்ட முடியல சார். கொஞ்சம் டைம் கொடுங்க, எல்லாருக்கும் கொடுத்துடறேன்" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பதினொரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.

"சார், இது வீடு."

"தெரியும் மாஸ்டர். பணம் வர்ற வரைக்கும் கிளாஸ் நடக்கட்டுமே. ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

குழந்தைகளை வாசலில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. முதல் நாள் சோபாவின் கால் போனது. இரண்டாம் நாள் திரைச்சீலைக் கம்பி. உள்ளறையில் அவர் மனைவி தூங்குவார். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். அந்தக் கட்டிலைத் தாண்டிக் குட்டிக்கரணம் போட்டதாக என் சின்னவள் பெருமையாகச் சொன்னாள்.

நான்காம் நாள் ஆறு மணிக்கு நான் போனபோது அந்த அம்மா சிவந்த கண்களோடு கதவைத் திறந்தார். ஸ்கூட்டரையும் வளையல்களையும் விற்ற பணத்தைப் பையோடு என் கையில் கொடுத்தார். "எல்லார் பணமும் இருக்குண்ணா. இனிமே பசங்களைக் கூட்டிட்டு வராதீங்க. நான் தூங்கி நாலு நாள் ஆச்சு."

பையை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்த நான்கு நாட்களும் நான்கிலிருந்து ஆறு மணி வரை நானும் என் மனைவியும் டீயைச் சூடாகக் குடித்திருந்தோம். கல்யாணமான புதிதில் பேசியதுபோல் பேசியிருந்தோம். ஐந்தாம் நாளும் நான்கு மணிக்குக் குழந்தைகளோடு போய் நின்றேன். "மத்தவங்க வட்டியும் கேக்கறாங்க மாஸ்டர். நான் பேசிப் பாக்கறேன். அதுவரைக்கும் பசங்க இருக்கட்டும்" என்றேன். பெற்றோர்களிடம், "இழுத்தடிக்கறார், நான் விடறதா இல்லை" என்றேன். இரண்டு பக்கத்தாரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

இப்படி ஐந்து வாரம். மருந்துக் கடையில் ஒரு குழந்தையின் தாயைப் பார்த்து, "வட்டியையாவது விட்டுடுங்களேன்" என்று அந்த நர்ஸம்மா அழாமல் இருந்திருந்தால் வகுப்பு தடைபட்டிருக்காது.

செய்தது நான்தான். ஆனால் மோசடி என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு காசு தொடவில்லை. அடுத்த வருடக் கட்டணமாக மாஸ்டரிடமே கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்து வைத்திருந்தேன்.