அவசரம் என்ற சொல்லை அடக்கிய அம்மையாருக்கு

மணிமுத்தாற்றங்கரை மண்ணில் பிறந்து, மண்ணைப் பீங்கானாக்கும் ஆலைக்குக் களிமண் முதல் மெருகுப்பொடி வரை மனம் கோணாமல் வாங்கித் தந்த மாண்பே! கொள்முதல் பிரிவின் குன்றாத விளக்கே! கமிஷன் காட்டி வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு, வாசலோடு வழியனுப்பிய வைராக்கியமே! எங்கள் செல்வநாயகி அம்மையே! பணியிலிருந்து விடைபெறும் உங்களுக்குப் பரிவோடும் பாரமான நெஞ்சோடும் நாங்கள் படைக்கும் மடல் இது.

எதிரில் நின்று புகழ்ந்தால் எழுந்து போய்விடுவது உங்கள் வழக்கம். ஆகையால் இனி உங்களை ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்து, தயவுசெய்து கடைசி வரை உட்கார்ந்திருங்கள்.

அவர் பிரிவின் பொறுப்பை ஏற்ற காலத்தில், பொருள் கேட்டு வரும் இண்டெண்ட் தாள்களில் எல்லாம் சிவப்பு மையில் ‘அவசரம்’ என்று எழுதியிருக்கும். எழுதாத தாளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் எல்லாரும் எழுதினார்கள். எல்லாரும் எழுதியதால் ‘மிக அவசரம்’ பிறந்தது. அதற்கும் மவுசு குறைந்தபோது, சூளைப் பிரிவு மேற்பார்வையாளர் பாலகிருஷ்ணன் துடைப்பம் கேட்டு ‘உயிர் போகும் அவசரம்’ என்று எழுதி அனுப்பினார். துடைப்பம் மறுநாளே வந்துவிட்டது. அந்தத் தாளுக்கு அடியில் சிக்கியிருந்த மெருகுப்பொடித் தாளை யாரும் பார்க்கவில்லை. பொடி இல்லாமல் வாஷ்பேசின்கள் பூச்சின்றிக் கிடந்தன; சூளை நின்றது. தினக்கூலிக்கு வந்த பெண்கள் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வேப்பூர் பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். ஜன்னலில் நின்று அதைப் பார்த்தவர் அவர்.

அன்று ஒரே ஒரு விதி போட்டார். அவசரம் என்று எழுத விரும்புகிறவர் மாடிக்கு வந்து, அந்தப் பொருள் வராவிட்டால் எது நிற்கும் என்று வாயால் சொல்ல வேண்டும். முதலில் மூச்சு வாங்க ஏறி வந்தவரும் பாலகிருஷ்ணன்தான்.

“பக்கெட்டு அவசரமா வேணும்ங்க மேடம்.”

“வரலன்னா எதுங்க நிக்கும்?”

பாலகிருஷ்ணன் யோசித்தார். “ஒண்ணும் நிக்காதுங்க.”

“அப்ப ஒக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க.”

டீச் செலவு கூடியது, அவசரம் வற்றியது. எது இல்லாவிட்டால் ஆலை நிற்குமோ அதற்கு முன்கூட்டியே ஆர்டர் போனது. மங்கலம்பேட்டை அட்டைப்பெட்டிக்காரர் கேட்காமலே வாராவாரம் வண்டி அனுப்பினார். மாதக்கணக்கில் இழுத்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. ஃபோன் ஓய்ந்தது. எங்களில் இளையவளான கயல்விழி, நல்லூரில் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு வேளையோடு சோறு ஊட்ட, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கத் தொடங்கினாள். அந்த அப்பாவுக்கு அவளை விட்டால் வேறு நாதி இல்லை.

இவ்வளவு நன்றாகச் செய்ததற்கு என்ன கிடைத்தது? சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து நடராசன் கிடைத்தார். எந்தப் பிரிவில் ஆள் மிகுதி என்று பார்க்க வந்தவர், நல்ல மனிதர்தான். வெளியூர்க்காரர் வருகிறாரே என்று அம்மையார் மிச்சமிருந்த தாள்களையும் முடித்து, மேசையைத் துடைத்துப் பளிச்சென்று வைத்தார். அங்கேதான் ஏமாந்தார். மற்றப் பிரிவுகளில் கத்தலையும் ஓட்டத்தையும் கண்டு வியர்த்து வந்தவருக்கு எங்கள் அறை மத்தியானக் கோயில் மாதிரி இருந்தது.

“இங்க வேலையே இல்லையா மேடம்?”

“முடிஞ்சி போச்சிங்க” என்றார் அவர், பெருமையாக.

அந்தப் பெருமைக்கு உத்தரவு வந்தது. பிரிவில் இருக்கும் மூவரில் ஒருவர் போதும். மூத்தவர் இங்கே இருக்கலாம், மற்ற இருவரும் சென்னைக்கு. எங்களில் இன்னொருவனான செந்தமிழன் தனி ஆள், பெட்டியைக் கட்டிவிடுவான். கயல்விழியால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, வேலையை விடவும் முடியாது.

“நடராசன் சாரை இன்னொரு வாட்டி வரச் சொல்லுங்க மேடம்” என்றான் செந்தமிழன். “எல்லா செக்ஷன்லயும் பழையபடி அவசரம்னு எழுதச் சொல்றேன். தாளு குமியட்டும், ஃபோனு அடிக்கட்டும். மூணு பேரு பத்தலன்னு அவரே சொல்லுவாரு பாருங்க.”

பொய் சொல்வானேன், அம்மையாருக்கும் ஆசை வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக்கூடத் திறந்தார். திரும்ப மூடினார். “வாணாம்பா. மறுபடி சூள நின்னா அந்தப் பொம்பளைங்கதான் தூக்கோட வூட்டுக்குத் திரும்பிப் போவாங்க. நம்ம வேலைக்கு அவங்க வயிறா?”

மறுவாரமே, பணிக்காலம் பாக்கியிருக்கும்போதே விருப்ப ஓய்வு கேட்டார். காரணம் முட்டி வலியாம். அவர் விலகினால் மிஞ்சும் ஒற்றை இடம் கயல்விழிக்கு என்பதை அவள் புரிந்துகொண்டு, “எனக்காவவா மேடம் போறீங்க?” என்று அழுதபோது, “ஒனக்காவ யாருடி போறா? மாடி ஏற முடியல” என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு, மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க விறுவிறுவென்று மாடி ஏறினார். நாங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா, கதை முடிந்தது. இனி ‘அவர்’ இல்லை, நீங்கள்தான். நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. நன்றாகச் செய்த வேலைக்குத் தண்டனை வந்து, அதை நீங்கள் ஒருவரே வாங்கிக்கொண்டதை என்ன சொல்லிப் பாராட்டுவது? வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

இதை வாசிக்கும் கயல்விழி நாளை உங்கள் நாற்காலியில் உட்காருவாள். மூவர் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். உங்கள் கையில் பழகியவள், நன்றாகவே செய்வாள். எங்கள் பயமே அதுதான். இன்னொருவர் சென்னையிலிருந்து வந்து, இந்த ஒருத்தியும் எதற்கு என்று கேட்கும் நாள் வரும். அன்றைக்கு எழுந்து இடம் விட அவளுக்கு மூத்தவர் யாரும் இருக்க மாட்டார்.

நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்க என்று வாழ்த்துவது எல்லா மடல்களுக்கும் வழக்கம். நாங்கள் அதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்த நாளில் அவள் ஃபோன் போட்டு ஒன்றும் பேசாமல் அழுதால், “என்னடி?” என்று கேட்க நீங்கள் இருக்க வேண்டும், அம்மா.

அன்பு மாறாத,
கொள்முதல் பிரிவினர்

கயல்விழி, விருத்தாசலம்
செந்தமிழன், திங்கள் முதல் சென்னை