கட்டிங் மாஸ்டர் நடத்திய சோதனை

— இன்னொரு தடவை கேளுங்க, மாஸ்டர். கொஞ்சம் முறைச்சுக் கேளுங்க. நாளைக்குச் சம்பள நோட்டைப் பார்க்க வர்றதா நீங்க சொன்ன தொழிலாளர் அதிகாரி இப்படிக் குழைஞ்சா பேசுவாரு?

— முறைச்சா நீங்க கோவிச்சுக்கக் கூடாது, முதலாளி.

— ஒத்திகைதானே! கோவிக்க மாட்டேன்.

— அப்போ எழுந்து நில்லுங்க. ம்... என்னய்யா கடை இது? எத்தனை பேர் தைக்கிறாங்க?

— என்னய்யாவா? சரி சரி. பொம்பளைங்க அஞ்சு பேரு, ஒரு கட்டிங் மாஸ்டர். எல்லாரும் குடும்பம் மாதிரிங்க, சார்.

— குடும்பத்துக்குச் சம்பளச் சீட்டு குடுக்கிறீங்களா?

— வாயாலயே சொல்லிடுவேங்க.

— பள்ளிக்கூடச் சீருடை தைச்ச நாலு மாசமும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் வேலை. கூடுதல் நேரத்துக்கு ரெட்டைச் சம்பளம் குடுத்தீங்களா?

— டீ குடுத்தேன்.

— ரெட்டை டீயா?

— ஒண்ணுதான். மாஸ்டர், இதுக்கு நல்ல பதிலா ஒண்ணு சொல்லிக் குடுங்களேன்.

— மாஸ்டர் இங்க இல்ல. நான் அதிகாரி. நோட்டுல 'சிரிப்புப் பிடித்தம்'னு ஒரு கட்டம் இருக்கே, அது என்ன?

— சிரிச்சுக்கிட்டே தைச்சா தையல் கோணுதுங்க, சார். அதான் ஆளுக்குக் கொஞ்சம் பிடிச்சேன்.

— இப்போ நீங்க சிரிக்கிறீங்களே, உங்ககிட்ட யார் பிடிக்கிறது?

— இது பயத்துல வருது! வேஷத்துக்கே எனக்கு வேர்த்து ஊத்துது. விடுங்க மாஸ்டர், எல்லாம் குடுத்தாச்சுன்னு அடிச்சுச் சொல்லிடறேன். அவங்களும் தலையாட்டிடுவாங்க.

— நாலு பேர் ஆட்டுவாங்க. பட்டன் தைக்கிற அக்காவுக்குப் பொய் சொன்னா விக்கல் வந்துடும். போன வருஷம் உங்க சம்சாரம் வந்து 'அவர் எங்க'ன்னு கேட்டப்போ, 'பேங்க்ல'ன்னு சொல்லிட்டுச் சாயங்காலம் வரைக்கும் விக்கினாங்களே.

— ஐயோ, அன்னைக்கு நான் பட்ட பாடு! அக்காவுக்கு நாளைக்கு லீவு குடுத்துடலாமா?

— சம்பளத்தோடயா?

— இப்போ கேட்டது மாஸ்டரா, அதிகாரியா?

— ரெண்டு பேரும்.

— சரி, இந்தாங்க பீரோ சாவி. கூடுதல் நேரத்துக்கு உள்ளது, பிடிச்சது, எல்லாத்தையும் கணக்குப் பார்த்து, அஞ்சு பேரையும் கூப்பிட்டுக் குடுத்துடுங்க. எனக்குப் பார்க்கத் தெம்பில்ல, சுவர்ப் பக்கம் திரும்பிக்கிறேன்... குடுத்தாச்சா?

— ஆச்சு. அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. என் பங்கையும் எடுத்துக்கிட்டேன்.

— எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. இனிமே எவன் வந்தா என்ன? ஆமா, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாரு?

— வரமாட்டாரு, முதலாளி.

— என்னது?

— நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு. நீங்க துணி எடுக்கப் போயிருந்தீங்க, நான் உங்க நாற்காலியில ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தேன். முதலாளி நான்தான்னு நினைச்சு இதே கேள்வியெல்லாம் கேட்டாரு. பயத்துல, எல்லாருக்கும் எல்லாம் குடுத்தாச்சுன்னு முதலாளி இடத்துல நானே கையெழுத்துப் போட்டுட்டேன். நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல, முதலாளி. இப்போதான் அது பொய்யில்லன்னு ஆச்சு.