கட்டிங் மெஷின் தடுப்பும் சுவிட்சும் பற்றிப் பூவாத்தாள் சொன்னது

19-7-1963 காலை எட்டரை மணிக்குப் போலீஸ் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது. பெயர் பூவாத்தாள், வயது 36, கணவர் பெயர் அங்கப்பன், இருப்பு போத்தனூர்.

நான் இவ்வூரில் சீருடை தைக்கும் ஷெட்டில் ஐந்து வருடமாகத் துணி வெட்டி வருகிறேன். துணியை விரித்துப் பிடித்துக் கொடுப்பவள் பழனாத்தாள், வயது 22. முன்பெல்லாம் பன்னிரண்டு அங்குலக் கத்தரியால்தான் வெட்டி வந்தேன். இந்த வருடம் சித்திரையில் மின்சாரக் கட்டிங் மெஷின் வந்தது. அதில் கத்தி மேலும் கீழுமாக ஓடும். விரல் படாதபடி கத்திக்கு முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு.

இம்மாதம் 8-ஆம் தேதி திங்கட்கிழமை காலை மேனேஜர் பாலகோபால் தடித்த காக்கி டிரில் துணியை நாற்பது அடுக்காக விரிக்கச் சொன்னார். அடுக்கு உயரமாகிவிட்டதால் துணி தடுப்பில் முட்டி நின்றது. மெல்லிய துணி என்றால் நாற்பது அடுக்கு போகும், டிரில்லுக்கு இருபதே அதிகம், இல்லாவிட்டால் எட்டெட்டாக மடித்துக் கத்தரியிலேயே வெட்டித் தருகிறேன் என்று சொன்னேன். அதற்கு அவர், “புதன்கிழமை சரக்கு போயாகோணும் அம்மணி. அந்தத் தடுப்பைக் கழட்டிப்போட்டு ஓட்டு” என்றார். திருப்புளியை எடுத்துக் கொடுத்ததும் அவரே. கழற்றியது நான்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் வெட்டினேன். பழனாத்தாள் கத்திக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு கையாலும் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். சுமார் பத்தரை மணிக்குக் கரண்ட் நின்றுபோனது. மெஷின் நின்றதும் நான் தண்ணீர் குடிக்கக் கொல்லைப்புறம் போனேன். போகும்போது சுவிட்சை அணைக்கவில்லை. பிளக்கையும் பிடுங்கவில்லை. தினமும் செய்கிற வேலைதான், அன்றைக்குச் செய்யவில்லை.

கத்தியில் நூல் பிசிறு சுற்றியிருந்ததைப் பழனாத்தாள் விரலால் இழுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்துவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். வலது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் துண்டாகியிருந்தன. அவள் அழவில்லை. “அக்கா, துணியெல்லாம் கறையாகுதுங்களே” என்றாள். காக்கித் துண்டால் கையை இறுகக் கட்டி, மதுக்கரையிலிருந்து வந்த சிமெண்டு லாரியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது தடுப்பு பழையபடி மாட்டியிருந்தது. அதன் பிறகு பாலகோபால் ஒரு தாளைக் கொடுத்தார். பழனாத்தாள் தானாகத் தடுப்பைக் கழற்றி மெஷினைத் தொட்டதாக அதில் எழுதியிருந்தது. “கையெழுத்துப் போட்டா உனக்கொண்ணும் வராது. போடாட்டி சுச்சுப் பேச்சுத்தான் முதல்ல வரும்” என்றார். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன்.

நேற்று பழனாத்தாளைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ஈஸ்வரமூர்த்தி வேலைக்குப் போயிருந்தார். அவள், “நான் வெளையாட்டா கையை வெச்சுப்போட்டேன்னு ஊட்டுக்காரர் கம்பெனிக் காயிதத்தைப் பாத்துப் பேசறாருங்க. பத்து நாளா எங்கூடப் பேச்சே இல்லீங்க. நீங்க சுச்சை அணைச்சுப்போட்டுத்தானுங்களே போனீங்க?” என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை ஏழு மணிக்கு மறுபடியும் அங்கே போய், ஈஸ்வரமூர்த்தி வாசலில் நிற்கும்போதே, தடுப்பைக் கழற்றியதும் நான், சுவிட்சை அணைக்காமல் போனதும் நான், தாளில் இருப்பது பொய் என்று சொன்னேன். அவர் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போனார். பழனாத்தாள் இடது கையால் சாப்பிட முடியாமல் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினார். அதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தேன்.

இதனால் என் மேலும் வழக்கு வரலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொன்னார். தெரிந்தேதான் சொல்கிறேன். 8-ஆம் தேதி நான் கையெழுத்திட்ட தாளைத் தள்ளிவிட்டு இதையே என் சொல்லாகக் கொள்ள வேண்டும். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்) அ. பூவாத்தாள்