பனியில் இரண்டு ஓட்டைகள்

மாரிட்: "ஜனவரி இருபத்தைந்து, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஆர்லிஸ் பாக்கன் வீட்டில் என் இடது கையுறையை மறந்து வைத்துவிட்டு வந்தேன்..."

கோர்டி: இதெல்லாம் ஒரு தவறா?

மாரிட்: குறுக்க பேசாதடா. படிச்சுக் காட்டுன்னு நீதானே சொன்ன?

கோர்டி: வண்டி ஹீட்டர் சூடாகுற வரைக்கும் பொழுது போகணுமேன்னு சொன்னேன். கையுறைக் கதை வரும்னு தெரியாது.

மாரிட்: கதை இல்ல, டைரி. சாயங்கால வகுப்புல மிஸஸ் ப்ரூயிட் சொல்லிக் குடுத்த முறை. முதல் வரி அன்னைக்குப் பண்ணின தவறு. கடைசி வரி மறுநாள் வேலை. நடுவுல பொய் இருக்கக் கூடாது.

கோர்டி: நடுவுலதானே கஷ்டமே.

மாரிட்: கேளு. "நாளை மாலை ஏழு மணிக்குப் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடுவார்கள். அதிபர் தேர்தலில் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்பதை, அவரவர் விரும்பும் ஆளின் மூலையில் போய் நின்று காட்டுவார்கள். கவர்னர் காஸ்டெலின் மூலைக்கு நான் பொறுப்பு..."

கோர்டி: இது அயோவால பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமே.

மாரிட்: இதைப் படிக்கப்போற மிஸஸ் ப்ரூயிட்டுக்குத் தெரியாது. அவங்க அரிசோனா. அங்க சீட்டுல குறி போட்டுப் பெட்டிக்குள்ள தள்ளிட்டு வந்துடுவாங்களாம். யாருக்குப் போட்டாங்கன்னு பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாதாம்.

கோர்டி: குடுத்து வச்சவங்க.

மாரிட்: "செப்டம்பரிலிருந்து வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் போட்டிருக்கிறேன். ஒன்று என்றால் உறுதியாக நம் பக்கம். மூன்று என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை. நான்கு என்றால் வேறொருவர் பக்கம். என் பட்டியலில் அறுபத்தொரு ஒன்றுகள் இருக்கின்றன."

கோர்டி: மாவட்டத்துலயே அதிகம். அதுக்குத்தானே கவர்னரோட பிரசார ஆபீஸ்லேர்ந்து டேனா உனக்குக் கேக் அனுப்பினா?

மாரிட்: அந்தக் கேக்கை இப்ப திருப்பிக் குடுக்கணும் போல இருக்கு. கேளு. "ஆர்லிஸ் பாக்கன் அந்த ஒன்றுகளில் ஒருவர். பத்து நிமிடம் கழித்துக் கையுறைக்காகத் திரும்பிப் போனேன். அவர் வாசலில் நின்று, பனிக்குவியலில் ஒரு பலகையைக் குத்திக்கொண்டிருந்தார். பலகையில், கவர்னரை எதிர்த்து நிற்கும் செனட்டர் ரெட்டிங்கின் பெயர் இருந்தது."

கோர்டி: அப்படியா.

மாரிட்: சிரிக்கணும்னா சிரி.

கோர்டி: சிரிக்கலையே... அவங்க என்ன சொன்னாங்க?

மாரிட்: "உள்ள வாம்மா, இன்னும் ரெண்டு ஸ்காச்சரூ எடுத்துக்கோ"ன்னாங்க. பலகையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு. ரெண்டு பக்கமும் ரெ-வும் ங்-கும் நீட்டிக்கிட்டு இருக்கு.

கோர்டி: எடுத்துக்கிட்டியா?

மாரிட்: இந்தா, டப்பா மடியிலதான் இருக்கு. சாக்லேட் தடவின பொரிக்கட்டிய யாரு வேண்டாம்பா?

கோர்டி: ம்... நல்லாதான் செய்யறாங்க. சரி, ஒருத்தங்கதானே. வயசானவங்க, மனசு மாறியிருக்கும்.

மாரிட்: நானும் அப்படித்தான் நெனச்சேன். மத்தியானம் நீ மாட்டுக்குத் தீனி வைக்கப் போனியே... நேத்து நாம போன தெருவெல்லாம் நான் தனியா நடந்து பார்த்தேன்.

கோர்டி: இந்தக் குளிர்லயா? பைத்தியமாடி நீ?

மாரிட்: நேத்து ஒரு வாசல்லயும் பலகை இல்ல. இன்னைக்கு ரெட்டிங், ரெட்டிங், ரெட்டிங். சர்ச் தெருவுல லாய்ட் என்னை ஜன்னல் வழியாப் பார்த்துட்டார். வெறும் சாக்ஸோட வெளிய ஓடி வந்து பலகையைப் புடுங்கினார். வழுக்கி விழப் பார்த்தார்.

கோர்டி: நீ என்ன பண்ணின?

மாரிட்: என்ன பண்ணுவேன்... பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி ஒரு மரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அவர் உள்ள போற வரைக்கும்.

கோர்டி: நீயும் இந்த ஊர்க்காரிதான்.

மாரிட்: இருபத்தேழு பேரு, கோர்டி. அறுபத்தொண்ணுல இருபத்தேழு. எல்லாரும் உக்கார வச்சாங்க, காபி குடுத்தாங்க, "கவர்னரம்மா நல்லாப் பேசுறாங்க"ன்னாங்க. நான் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே வந்திருக்கேன். வாசல்லயே நிக்க வச்சு அரை மணி சண்டை போட்டாரே வெர்லின், அவருதான் உண்மையான ஒண்ணு.

கோர்டி: ஒரு ஊர்தானே. கருத்துக்கணிப்புல கவர்னர் நம்ம மாநிலம் முழுக்கப் பதினோரு புள்ளி முன்னால இருக்காங்க. பேப்பர்ல பார்த்தேன்.

மாரிட்: அந்தப் பதினொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு? என்னை மாதிரி ஒருத்தி எல்லா ஊர்லயும் இருக்கா. அவளுக்கும் காபி குடுத்திருப்பாங்க. போன்ல கேட்டவங்ககிட்டயும் மரியாதையாத்தான் பேசியிருப்பாங்க... கவர்னர் ஜெயிச்சுட்டாங்கன்னே எல்லாரும் பேசிக்கிறாங்க. எனக்கு என்னவோ, மொத்த முன்னிலையும் பொரிக்கட்டியில கட்டின வீடு மாதிரித் தோணுது.

கோர்டி: நீ எல்லாத்தையும் சந்தேகப்படுவ. மருந்துக் கடைல மாத்திரைய மூணு தடவை எண்ணுறவதானே.

மாரிட்: மூணு தடவை எண்ணியும் இதுல தப்பு விட்டுட்டேனே. டேனா நாலு மணிக்குப் போன் பண்ணுவா, கடைசி எண்ணிக்கை கேட்டு. அறுபத்தொண்ணுன்னு நம்பித்தான் நம்ம ஊருக்குப் பிரசார ஆளு ஒருத்தரையும் அனுப்பாம மத்த ஊர்களுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப நான் என்ன சொல்றது?

கோர்டி: அறுபத்தொண்ணுன்னே சொல்லிடு. நாளைக்கு அத்தனை பேர் வராம போனா பனியாலன்னு சொல்லிக்கலாம்.

மாரிட்: ம். சரி, இன்னொரு விஷயம். மில் ரோட்டுல இன்னைக்கு எந்த வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சோம்?

கோர்டி: கடைசி வீட்டுலேர்ந்து. நீதான் திடீர்னு திருப்பச் சொன்ன.

மாரிட்: சோதிச்சுப் பார்க்கத்தான் வரிசையைத் தலைகீழா மாத்தினேன். உன்கிட்ட முன்னாடியே சொல்லல. முதல் மூணு வீட்லயும் ரெட்டிங் பலகை ஜம்முனு நின்னுச்சு. அப்புறம் நீ, "போனை வண்டியில வச்சுட்டேன்"னு திரும்பிப் போன.

கோர்டி: வச்சுட்டேன்தான்...

மாரிட்: நாலாவது வீட்லேர்ந்து பலகை இல்ல. பனியில ரெண்டு ஓட்டைதான். பலகைக்குக் கீழ ரெண்டு கம்பி இருக்குமே, அந்த அகலத்துல. அஞ்சாவது வீடு, ரெண்டு ஓட்டை. ஆறாவது வீடு, ரெண்டு ஓட்டை. பக்கத்துல புது பூட்ஸ் தடம். வீட்டு வரிசை ரெண்டே பேருகிட்டதான் இருக்கு. அவங்களுக்கு நான் போன் பண்ணல.

கோர்டி: இன்னொரு ஸ்காச்சரூ இருக்கா?

மாரிட்: கோர்டி.

கோர்டி: நானா ஆரம்பிக்கலை. அக்டோபர்ல ஆர்லிஸ்தான் கேட்டாங்க. "மாரிட் எப்ப வருவான்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. பலகையைப் பார்த்தா புள்ளைக்கு மனசு நோகும்"னு. அப்புறம் லாய்ட் கேட்டார். அப்புறம்... எல்லாருமே கேட்டாங்க.

மாரிட்: எல்லாரும் சேர்ந்து எனக்கு மனசு நோகாம என்னைத் தோக்கடிக்கப் பார்த்தீங்க.

கோர்டி: அப்படிச் சொல்லாத. ரெண்டு வருஷம் முன்னாடி பனிப்புயல்ல கடையைப் பூட்டாம இருந்து, பனிச்சறுக்கு வண்டியில வச்சு மருந்து இழுத்துக்கிட்டுப் போனியே, வீடு வீடா. அவங்க அதை மறக்கல. உன்னைப் பார்த்து இல்லைன்னு சொல்ல யாருக்கும் வாய் வரலை.

மாரிட்: இல்லைன்னு சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருப்பேனே. மூடிப்போன நம்ம ஆஸ்பத்திரியப் பத்தி, கவர்னர் அவங்க மாநிலத்துல அப்படி மூடினதைத் திறந்ததைப் பத்தி... ரெண்டு பேரையாவது மாத்தியிருப்பேன். தலையாட்டினவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது? இரு, போன் அடிக்குது. டேனாதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு.

டேனா: மாரிட், சீக்கிரம் சொல்லுங்க, இன்னும் நாப்பது ஊரு பாக்கி இருக்கு. அறுபத்தொண்ணுதானே? எழுதிக்கட்டுமா?

மாரிட்: முப்பத்தி நாலு.

டேனா: என்னது?

மாரிட்: முப்பத்தி நாலு, டேனா. மத்தது என் தப்பு. மரியாதையை ஒண்ணுன்னு எண்ணிட்டேன். நான் போனதும் வாசல்ல ரெட்டிங் பலகையை நடறாங்க. முப்பத்தி நாலுகூடச் சரியான்னு இன்னொரு தடவை பார்க்கணும்.

டேனா: ஒரு நிமிஷம், இருங்க.

மாரிட்: டேனா, கோவமா?

டேனா: இல்லங்க. கதவைச் சாத்திட்டு வந்தேன். ரெண்டு வாரமா எனக்குள்ள இதே சந்தேகம். எல்லா ஊரும் அள்ளி அள்ளிக் குடுக்குது, எங்கயும் ஒரு சண்டை இல்ல, ஒரு புகார் இல்ல. ஜெயிக்கிறவங்க ஆபீஸ் இவ்வளவு அமைதியா இருக்காது. யாராவது ஒருத்தர் கொறைச்சுச் சொல்ல மாட்டாங்களான்னு காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருந்தேன். நீங்கதான் முதல் ஆள்.

மாரிட்: நாம ஜெயிப்போமா?

டேனா: தெரியல. நேத்து வரைக்கும் தெரியும்னு சொல்லியிருப்பேன். இப்ப மத்த ஊர்ல இருக்கிற நம்ம ஆளுங்களையும் திரும்பிப் போய் வாசல்களைப் பார்க்கச் சொல்றேன். ராத்திரிக்குள்ள உண்மை நிலவரம் தெரிஞ்சா நாளைக்கு ஆளை மாத்தி அனுப்பலாம். நன்றிங்க, மாரிட். மனசார சொல்றேன். வைக்கறேன்.

கோர்டி: கேக்கைத் திருப்பிக் கேக்கலை பாத்தியா. ஏய், அழுறியா?

மாரிட்: இல்லடா. நெனச்சுப் பார்த்தேன். பூஜ்யத்துக்குக் கீழ குளிரு. இருபத்தேழு பேரு கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய வந்து, பலகையைப் புடுங்கி உள்ள வச்சு, நான் போனதும் மறுபடி வந்து நட்டிருக்காங்க. ரெண்டு நடை. எனக்காக. லாய்ட் கோட்டுகூட மாட்டலை... கோவப்படணும்னுதான் பார்க்கறேன். வர மாட்டேங்குது.

கோர்டி: நாளைக்கு அவங்க எதிர் மூலையிலதான் நிப்பாங்க.

மாரிட்: நிக்கட்டும். நின்னுக்கிட்டு என்னைப் பார்த்துக் கையாட்டுவாங்க. நானும் ஆட்டுவேன்.

கோர்டி: மாரிட்... நடுவுல பொய் இருக்கக் கூடாதுன்னு சொன்னியே.

மாரிட்: ஆமா.

கோர்டி: உன் பட்டியல்ல முதல் பேரு என்னுது.

மாரிட்: ஆமா.

கோர்டி: அறுவடை மிஷின்ல என் இடது கை மாட்டினப்ப, உன் ஸ்கார்ஃபால கட்டி, இதே வண்டியில என்னைப் போட்டு அம்பத்தெட்டு மைல் ஓட்டினவ நீ. கையை வெட்டாம விட்டாங்கன்னா உன்னாலதான். அப்படிப்பட்டவ காகிதத்தோட முன்னால வந்து நின்னு, "கவர்னருக்கு நிப்பியாடா"ன்னு கேட்டா...

மாரிட்: நம்ம ஊர் ஆஸ்பத்திரிய மூடாம இருந்திருந்தா நாலே மைல். அதனாலதான் நான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன்.

கோர்டி: தெரியும். அதனாலதான் இன்னும் கஷ்டம். மக்காச்சோள விலையில ரெட்டிங் சொல்றதுதான் எனக்குச் சரின்னு படுது. அப்பா காலத்துலேர்ந்து அவரைத் தெரியும். என் பலகை கொட்டகையில வைக்கோலுக்குப் பின்னால இருக்கு. வாய் வரலை, மாரிட். அதான் வண்டியாவது ஓட்டலாம்னு... அஞ்சு மாசம் ஓட்டிட்டேன். நான் கவர்னர் பக்கம் இல்ல. இல்ல. சொல்லிட்டேன். என் பேரையும் அடிச்சுடு. முப்பத்தி மூணு.

மாரிட்: முப்பத்தி நாலுதான்.

கோர்டி: என்னை அடிச்சா முப்பத்தி மூணுதானே? எண்ணத் தெரியாதா உனக்கு?

மாரிட்: பட்டியல் இந்தா. முதல் வரியை நீயே படி.

கோர்டி: "கோர்டி லுண்ட். செப்டம்பர் பதினாலு..." நாலு. நாலா? அன்னைக்கே நாலுன்னு போட்டிருக்க? ஒண்ணு போட்டுக்கோன்னு என் வாயால சொன்னேனே!

மாரிட்: சொன்ன. சொல்லிட்டு இறங்கி வந்து எனக்கு வண்டிக் கதவைத் திறந்துவிட்ட. இருபது வருஷப் பழக்கத்துல முதல் தடவை. அந்தப் புது மரியாதையைப் பார்த்ததும் அப்பவே புரிஞ்சுடுச்சு.

கோர்டி: அப்புறம் ஏன்டி அஞ்சு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்த?

மாரிட்: கேட்டிருந்தா நீ இன்னொரு தடவை ஆமான்னு சொல்லியிருப்ப. நீயா சொல்லணும்னு இருந்தேன். டைரியில இன்னும் ரெண்டு வரி இருக்கு, கேக்கறியா? "செப்டம்பரிலிருந்து இன்றுவரை யாருமே என் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னதில்லை. இன்று கோர்டி சொன்னான். அவனுக்கு நன்றி."

கோர்டி: இதை எப்ப எழுதின? நான் இப்பத்தானே சொன்னேன்.

மாரிட்: மூணு மணிக்கு. பென்சில்ல. நீ சொல்லலைன்னா அழிச்சிருப்பேன்.

கோர்டி: கடைசி வரி?

மாரிட்: அது இனிமேதான். பேனாவைக் குடு. "நாளை: காலை எட்டு மணிக்குக் கோர்டியின் கொட்டகையிலிருந்து ரெட்டிங் பலகையை எடுத்து, அவன் வாசல் பனியில் நட வேண்டும். அவன் இடது கைக்கு இன்னும் வலு போதாது. கம்பியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும்."